மஞ்சள் நானோ மருந்து: தட்டில் அழியும் புற்றுச்செல் உடம்பில் ஏன் அழிவதில்லை?

‘மஞ்சளில் இருந்து எடுத்த நானோ மருந்து புற்றுநோய்ச் செல்களை அழித்தது’ என்ற மாதிரித் தலைப்பு சில மாதங்களுக்கு ஒருமுறை நாளிதழிலோ வாட்ஸ்அப்பிலோ வந்துவிடுகிறது. வந்த கையோடு, தேனியில் இருந்தும் சிவகங்கையில் இருந்தும் ராமநாதபுரத்தில் இருந்தும் கீமோவுக்காக மதுரைக்கு வந்துபோகும் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் கிளம்புகின்றன. குழம்பில் போடும் மஞ்சளையே கூடுதலாகக் கொடுத்தால் போதாதா? கடையில் விற்கும் குர்குமின் மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிட்டு ஊசியைத் தவிர்க்கலாமா?

இரண்டுக்கும் பதில் ‘முடியாது’ என்பதுதான். ஆனால் மஞ்சள் நாட்டுச் சரக்கு என்பதாலோ, ஆங்கில மருத்துவம் அதை மதிப்பதில்லை என்பதாலோ அல்ல. புற்றுநோய் வார்டில் அன்றாடம் ஏற்றப்படும் மருந்துகளில் பல, செடியில் இருந்து வந்தவையே. ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின், நம் தென்மாவட்ட மானாவாரி நிலத்தில் பயிராகும் நித்தியகல்யாணியில் இருக்கிறது. மார்பகம், சினைப்பை, நுரையீரல் புற்றுகளுக்குத் தரும் பாக்லிடாக்சல், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பசிபிக் யூ மரத்துப் பட்டையில் கண்டெடுக்கப்பட்டது. இரினோடிகான் என்ற மருந்துக்கு மூலமான கேம்ப்டோதெசின், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு சிறுமரத்திலும் கிடைக்கிறது.

இவை மருந்தாகிவிட்டன, மஞ்சள் ஆகவில்லை. காரணம் ஒன்றுதான். செல்லைக் கொல்லும் திறன் வேறு, கட்டி வரை போதுமான அளவில் போய்ச் சேரும் திறன் வேறு. ‘நானோ’ ஆய்வுகள், அதாவது மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக்கிப் பார்க்கும் ஆய்வுகள், எல்லாம் சரிசெய்யப் பார்ப்பது இந்த இரண்டாவதைத்தான்.

கரண்டிக் கணக்கு

மஞ்சளில் வேலை செய்வதாகக் கருதப்படும் பொருள் குர்குமின். மஞ்சள்தூளில் இது ஏறக்குறைய 3 சதவீதம். ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். ஒரு தேக்கரண்டித் தூளை 3 கிராம் என்று வைத்தால், அதில் இருப்பது சுமார் 90 மி.கி. குர்குமின்.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் நாளொன்றுக்கு 8 கிராம் வரை தூய குர்குமின் வாயால் கொடுக்கப்பட்டிருக்கிறது. மஞ்சள்தூளாக அதே அளவு வேண்டுமானால் தினமும் கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். அப்படிக் கொடுத்தும் ரத்தத்தில் ஏறியது என்ன? தைவானில் 2001-இல் வெளியான ஆய்வில், 8 கிராம் தந்தபோது உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலாரைக்கூடத் தொடவில்லை (மைக்ரோமோலார் என்பது கரைசலில் ஒரு பொருளின் செறிவைச் சொல்லும் அலகு). அதற்கு மேல் விழுங்க நோயாளிகளாலும் முடியவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கணையப் புற்றுநோயாளிகளுக்கு அதே 8 கிராம் கொடுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ரத்த அளவு 0.1 மைக்ரோமோலாரை ஒட்டியே நின்றது. மதிப்பிட முடிந்த 21 பேரில் பலன் தெரிந்தது இருவரிடம். அதிலும் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது கொஞ்ச காலம்தான்.

செல்களை வளர்க்கும் ஆய்வகத் தட்டில் புற்றுச்செல்லைக் கொல்ல வழக்கமாகப் பயன்படுத்தும் அளவோ 10 முதல் 50 மைக்ரோமோலார். செய்தியில் வரும் ‘அழித்தது’ பெரும்பாலும் இந்த அளவில் நடந்தது. தட்டில் ஊற்றிய அளவுக்கும் ரத்தத்தில் ஏறிய அளவுக்கும் நடுவே ஐந்து மடங்கில் இருந்து சில நூறு மடங்கு வரை இடைவெளி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குர்குமினுக்கே நிறம் உண்டு, ஒளிரும் தன்மையும் உண்டு. பல புரதங்களோடு கண்டபடி ஒட்டும். நிறமாற்றத்தையும் ஒளிர்வையும் வைத்து அளக்கும் சோதனைகளில் இது இல்லாத பலனை இருப்பதாகக் காட்டிவிடும். மருந்து வேதியியலாளர்கள் 2017-இல் இதை விரிவாக எழுதி எச்சரித்தார்கள். ஆகவே தட்டில் கிடைத்த முடிவையும் முழுசாக நம்பிவிட முடியாது.

வாயில் இருந்து கட்டி வரை: எங்கே மாட்டுகிறது?

1. கரைவதில்லை. குர்குமின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். கரையாதது குடல் சுவரைத் தாண்டாது. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும்.

2. நிலைப்பதில்லை. ரத்தத்தின் காரத்தன்மையை ஒத்த கரைசலில், 37 டிகிரி வெப்பத்தில், புரதம் ஏதும் இல்லாமல் வைத்தால் அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது. வெளிச்சமும் இதைச் சிதைக்கும்.

3. கல்லீரல் விடுவதில்லை. குடலைத் தாண்டும் கொஞ்சத்தையும் குடற்சுவரும் கல்லீரலும் சர்க்கரை வகை மூலக்கூறுகளையும் சல்பேட்டையும் ஒட்டி, வெளியேற்றத் தோதான வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. மாறிய வடிவத்துக்குப் பழைய வீரியம் இருப்பதில்லை.

4. ஊசி வழியாக நேரே ரத்தத்தில் விட்டால் முதல் மூன்றும் ஓரளவு தீரும். வேறு சிக்கல் வரும். அந்நியத் துகள் எதுவானாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் பிடித்துக்கொள்ளும்.

5. கட்டியின் உள்ளே அழுத்தம் அதிகம். அங்கே நிணநீர் வடிகால் சரியாக இருப்பதில்லை. ரத்தக் குழாயை விட்டு வெளியே வந்த மருந்தும் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது.

6. செல்லுக்குள் போன பிறகும் வெளியே தள்ளும் பம்புகள் உண்டு. பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம் வின்கிரிஸ்டினையும் பாக்லிடாக்சலையும் செல்லில் இருந்து இறைத்து வெளியே கொட்டுகிறது.

வாய்வழி மருந்தில் எவ்வளவு பங்கு வேலை செய்யும் வடிவத்தில் ரத்தத்தை அடைகிறது என்பதை ‘உயிர்க்கிடைப்பு’ என்பார்கள். விளம்பரங்களில் அடிபடும் ‘20 மடங்கு’, ‘27 மடங்கு’ எல்லாம் இதைப் பற்றியவையே. கட்டியைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

ஏற்றும் முறையை மாற்றிக் காட்டிய பாக்லிடாக்சல்

ஒரே மூலக்கூறு, இரண்டு வகையில் ஏற்றப்படும்போது என்ன மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பாக்லிடாக்சலும் தண்ணீரில் கரையாது. 1962-இல் பட்டை சேகரித்தார்கள், 1971-இல் அமைப்பை வெளியிட்டார்கள், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதி 1992-இல்தான் வந்தது. மரத்தில் இருந்து போதிய சரக்கு கிடைக்காததோடு, கரைய வைப்பதும் இழுபறிக்கு ஒரு காரணம். கடைசியில் ஆமணக்கெண்ணெயில் இருந்து தயாரிக்கும் க்ரெமோஃபோர் என்ற கரைப்பானையும் ஆல்கஹாலையும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்து அதில் கரைத்தார்கள்.

இதன் விலையை நோயாளியின் உடம்பு கொடுக்கிறது. உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 175 மி.கி. வீதம் 262.5 மி.கி. மருந்து தேவை. மில்லிலிட்டருக்கு 6 மி.கி. என்பதால் 43.75 மி.லி. குப்பி மருந்து. ஒரு மில்லிலிட்டரில் 527 மி.கி. க்ரெமோஃபோர் இருக்கிறது, ஆக கால் கிராமை ஒட்டிய மருந்தைச் சுமக்க 23 கிராம் கரைப்பானும் 20 மி.லி.க்கு மேல் ஆல்கஹாலும் உடம்புக்குள் போகின்றன. மூச்சு முட்டல், முகம் சிவத்தல், ரத்த அழுத்தம் இறங்குதல் என்று முதல் இரண்டு தவணைகளில், அதுவும் முதல் பத்து நிமிடத்தில், வரும் ஒவ்வாமைக்கு இந்தக் கரைப்பானே முக்கியக் காரணம். அதனால்தான் முன்கூட்டியே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு ஊசியும் போடுகிறார்கள். 3 மணி நேரம் மெதுவாக ஏற்றுகிறார்கள். செவிலியர் முதல் சில நிமிடங்கள் கட்டிலை விட்டு நகர்வதில்லை.

சாதாரண பிவிசி குழாயிலும் இதை ஏற்றக்கூடாது. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் ரசாயனத்தைக் கரைப்பான் உரித்துக்கொண்டு வந்துவிடும். பிவிசி அல்லாத செட்டும், 0.22 மைக்ரான் வடிகட்டியும் வேண்டும்.

2005 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாற்று வடிவம், கரைப்பானையே தூக்கிப் போட்டது. மனித ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் புரதத்தோடு பாக்லிடாக்சலைச் சேர்த்து, சுமார் 130 நானோமீட்டர் துகள்களாக்கினார்கள். (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) 100 மி.கி. குப்பியில் கூடவே சுமார் 900 மி.கி. ஆல்புமின் இருக்கும். இதைக் கலப்பதற்கே தனிப் பக்குவம் உண்டு: 20 மி.லி. சலைனைக் குப்பியின் உள்சுவரில் படும்படி ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல விட வேண்டும், குப்பியின் அடியில் இருக்கும் உலர்ந்த மருந்தின் மேல் நேராகப் பீய்ச்சக்கூடாது. ஐந்து நிமிடம் ஊற விட வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் மெதுவாகச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், நுரைத்தால் அடங்கும்வரை கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சரியாக வந்தால் கட்டியில்லாத பால் போல இருக்கும். மற்றதற்குப் போடும் 0.22 மைக்ரான் வடிகட்டியை இதற்குப் போடக்கூடாது.

கிடைத்த பலன்: மார்பகப் புற்றுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 260 மி.கி. வரை, அரை மணி நேரத்தில், பெரும்பாலானவர்களுக்கு முன் மருந்து இல்லாமலே ஏற்ற முடிகிறது. பரவிய மார்பகப் புற்று உள்ள 454 பேரிடம் நடந்த ஒப்பீட்டில், கட்டி சுருங்கியவர்கள் பழைய வடிவத்தில் 19 சதவீதம், புதிய வடிவத்தில் 33 சதவீதம். கடுமையான வெள்ளணுக் குறைவு 22-இல் இருந்து 9 சதவீதமாக இறங்கியது. அதே சமயம் கை, கால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு கடுமையாக வந்தவர்கள் 2-இல் இருந்து 10 சதவீதமாக ஏறினார்கள். மருந்தைக் கூடுதலாகக் கொடுக்க முடிந்ததன் மறுபக்கம் இது. ஏற்றும் முறை மாறினால் பக்கவிளைவு மறைந்துவிடாது, இடம் மாறும்.

வின்கிரிஸ்டினுக்கும் இப்படியொரு முயற்சி நடந்தது. கொழுப்புப் படலத்தால் ஆன லிப்போசோம் என்ற நுண்பைக்குள் அடைத்து, சாதாரண ஊசியில் 2 மி.கி. என்று இருக்கும் உச்சவரம்பைத் தாண்டிக் கொடுத்தார்கள். 2012-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. 2022-இல் சந்தையில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டது. நானோ வடிவம் என்பதற்காக மட்டும் ஒரு மருந்து நிலைத்துவிடுவதில்லை.

குர்குமினுக்குச் செய்து பார்த்தவை

மிளகு. இதில் உள்ள பைப்பரின், கல்லீரல் குர்குமினை மாற்றும் வேலையைத் தடுக்கிறது. 1998-இல் வெளியான இந்திய ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் உயிர்க்கிடைப்பு சுமார் 20 மடங்கானது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் பைப்பரின் இல்லாதபோது அளவு ஏறக்குறைய பூஜ்யம். அதை இருபதால் பெருக்கியும் தட்டில் ஊற்றும் அளவு வரவில்லை.

மாத்திரை வடிவ நானோ, கொழுப்போடு பிணைத்த வடிவங்கள். இவற்றின் ‘இத்தனை மடங்கு’ கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. பல ஆய்வுகளில் ரத்த மாதிரியை எடுத்த பிறகு, அதோடு ஒரு நொதியைச் சேர்த்து, கல்லீரல் ஒட்டியிருந்த சர்க்கரையைப் பிரித்துவிட்டு மொத்தக் குர்குமினை அளக்கிறார்கள். உடம்பில் வீரியமற்ற வடிவத்தில் சுற்றியதும் இதில் சேர்ந்துவிடும். ‘கட்டற்ற குர்குமின் எவ்வளவு’ என்ற எண்ணைத் தராத ஆய்வை வைத்து முடிவு கட்டக்கூடாது.

பாலிமர் துகள். பார்மசி கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் ஆய்வு இது. செய்தியாக வருவதும் பெரும்பாலும் இதுவே. செய்முறை சுருக்கமாக: 100 மி.கி. பிஎல்ஜிஏ என்ற, உடம்பில் கரையும் பாலிமரையும் 10 மி.கி. குர்குமினையும் 10 மி.லி. அசிட்டோனில் கரைக்க வேண்டும். அதைச் சொட்டுச் சொட்டாக, கலக்கியில் சுழலும் 1 சதவீத பாலிவினைல் ஆல்கஹால் கரைசலில் விட வேண்டும். அசிட்டோன் ஆவியாகும்வரை சில மணி நேரம் திறந்து வைத்துச் சுழற்ற வேண்டும். பாத்திரத்தைச் சுற்றி அலுமினியத் தாள், வெளிச்சம் படாமல். பிறகு இரண்டு முறை மையவிலக்கியில் சுற்ற வேண்டும். முதலில் குறைந்த வேகம், அடுத்து அதிவேகம்.

பலர் கோட்டை விடுவது அந்த முதல் சுற்றில்தான். துகளுக்குள் போகாமல் வெளியே படிகமான குர்குமின் குறைந்த வேகத்திலேயே அடியில் மஞ்சளாகத் தங்கும்; அதை ஒதுக்க வேண்டும். ஒதுக்காமல் நேரே அதிவேகத்தில் சுற்றினால் படிகமும் துகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பிறகு அளந்தால் ‘90 சதவீதம் உள்ளே போயிருக்கிறது’ என்று அழகான எண் வரும். உண்மையில் பாதி வெளியே இருக்கும். உறைய வைத்து உலர்த்தும்போது ட்ரீஹலோஸ் அல்லது சுக்ரோஸ் 5 சதவீதம் அளவில் சேர்க்காவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மறுபடி தண்ணீரில் போட்டால் பிரிவதில்லை. இன்னொரு குறை, மேற்பரப்பில் ஒட்டியிருந்த மருந்து முதல் சில மணி நேரத்திலேயே மொத்தமாகக் கழன்றுவிடுவது; கட்டியை எட்டும்போது துகள் காலியாக இருக்கும்.

எல்லாம் சரியாக வந்தாலும் துகளின் எடையில் மருந்து 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மி.கி. குர்குமின் செலுத்த 2 கிராம் துகள் ரத்தத்தில் ஏற வேண்டும். எலிக்குச் சரிப்படும் இந்தக் கணக்கு மனிதருக்கு வரும்போது இங்கேயே இடறுகிறது.

லிப்போசோம் ஊசி. ஆஸ்திரியாவில் முற்றிய புற்று உள்ளவர்களுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 300 மி.கி. வரை, 8 மணி நேரம் ஏற்றிப் பார்த்த முதல்கட்ட ஆய்வு 2018-இல் வந்தது. கட்டி அளவுகோல்படி யாருக்கும் சுருங்கவில்லை.

முறையான சோதனையின்றிக் குர்குமினை ஊசியாக ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் குர்குமின் கலவையை நரம்பில் ஏற்றிய இருவருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது, ஒருவர் இறந்தார். அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட விளக்கத்தில், கலவையில் ஆமணக்கெண்ணெய் வழிக் கரைப்பான் இருந்ததையும், அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததையும் குறிப்பிட்டது. லேபிளில் சொன்ன குர்குமினோ அதில் மிகச் சிறு பங்கே இருந்தது.

துகள் கட்டிக்குத்தான் போகிறதா?

ஜப்பானில் 1986-இல் மத்சுமுராவும் மயேதாவும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வேகமாக வளரும் கட்டியின் ரத்தக் குழாய்ச் சுவரில் இடைவெளிகள் பெரிது. பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து, வடிகால் இல்லாததால் தங்கிவிடும். நானோ மருந்து ஆய்வுகள் பெரும்பாலானவற்றுக்கு இதுவே அஸ்திவாரம்.

எலியின் தோலடியில் சில வாரங்களில் வளர்க்கும் கட்டிக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. மனிதரில் வருடக்கணக்கில் வளரும் கட்டிகளில் ஆளுக்கு ஆள், ஒரே ஆளிலும் கட்டிக்குக் கட்டி மாறுகிறது. பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளியான மதிப்பீட்டில், செலுத்திய துகளில் கட்டியை அடைந்தது இடைநிலைக் கணக்கில் 0.7 சதவீதம். அந்த ஆய்வுகளும் விலங்குகளில் நடந்தவையே. ஆகவே செய்தியில் ‘நேராகக் கட்டியை மட்டும் தாக்கும்’ என்று இருந்தால், அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை அடித்துவிட்டுப் படிப்பது நல்லது. மீதி 99 பங்கு கல்லீரல், மண்ணீரல் என்று வேறெங்கோ இருக்கிறது.

கீமோ நடக்கும் வீட்டில் கவனிக்க வேண்டியவை

சமையலில் போடும் மஞ்சளையும் மிளகையும் யாரும் நிறுத்த வேண்டியதில்லை. கவலை, சாறு பிரித்து அடைத்த மாத்திரைகள்தான்.

1. பைப்பரின் சேர்ந்த குர்குமின் மாத்திரை, சைப் 3ஏ4 என்ற கல்லீரல் நொதியையும் மேலே சொன்ன பம்பையும் தடுக்கக்கூடியது. பாக்லிடாக்சலுக்கு உறவான டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தும் வின்கிரிஸ்டினும் இதே நொதியால் கழிபவை. கழிவது குறைந்தால் சரியான அளவில் கொடுத்த ஊசியே அதிக அளவாகிவிடும்: வெள்ளணு சரியும், கால் மரத்துப்போகும், மலச்சிக்கல் கடுமையாகும்.

2. எலிகளில் நடந்த மார்பகப் புற்று ஆய்வொன்றில், உணவோடு தந்த குர்குமின் சைக்ளோஃபாஸ்ஃபமைட் மருந்தின் வீரியத்தைக் குறைத்தது. ‘உதவாவிட்டாலும் கெடுக்காது’ என்று நினைக்க இடமில்லை.

3. குர்குமின் மாத்திரையால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள்; உறிஞ்சுதலைக் கூட்டிய வடிவங்களில் இது அதிகம் பேசப்படுகிறது. கீமோ நடுவே கல்லீரல் அளவுகள் ஏறினால் அடுத்த தவணையே தள்ளிப்போகும். மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் மறைத்திருந்தால், ஏற்றத்துக்குக் காரணம் தேடியே வாரங்கள் போய்விடும். கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாமல் டப்பாவையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

4. தட்டணு குறைந்திருக்கும் நாட்களில் இந்த மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டலாம்.

5. வின்கிரிஸ்டின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. வெளியில் வாங்கிக்கொண்டு வரச் சொன்னால், மதுரை சித்திரை வெயிலில் பையில் போட்டு பஸ்ஸில் வரக்கூடாது. ஐஸ் பேக் வைத்த பெட்டியில், மருந்து ஐஸில் நேரே படாமல், கொண்டுவர வேண்டும். ஏறும்போது நரம்பை விட்டு வெளியே கசிந்து எரிந்தால் உடனே சொல்ல வேண்டும். மற்ற பல கீமோ மருந்துகளுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுப்பார்கள்; வின்கிரிஸ்டினுக்கு இளஞ்சூட்டு ஒத்தடம். பழக்கத்தில் யாராவது ஐஸை எடுத்து வைத்தால் தடுத்துக் கேளுங்கள்.

6. பாக்லிடாக்சலின் இரண்டு வடிவங்களையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட முடியாது. அளவு வேறு, ஏற்றும் நேரம் வேறு, குழாயும் வடிகட்டியும் வேறு. ஒரு மருத்துவமனையில் தொடங்கி இன்னொன்றுக்கு மாறும்போது, அல்லது கடையில் ‘அது இல்லை, இது இருக்கிறது’ என்று சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது. பில்லில் மருந்துப் பெயரோடு ஆல்புமின் என்ற குறிப்போ ‘நாப்’ என்ற முன்னொட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பதை, கடைசியாக ஏறிய அளவோடும் தேதியோடும் சேர்த்து, சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.